எரிவதில்லை, மறைவதுமில்லை

(தில்லியில் டிசம்பர் மாதம் நடைபெற்ற வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இம்மாதம் 13, 14 தேதிகளின் இரவில் ஆண்டுதோறும் வரும் எரிமீன் பொழிவு உச்சம் பெறுகிறது. மிதுன விண்மீன் குழு இருக்கும் திசையிலிருந்து புறப்படுவதுபோல் தோன்றுவதால் அதற்கு மிதுனப் பொழிவு என்று பெயர். தில்லியில் வாழும் நம்மில் எத்தனை பேர் அதைக் காண்போம் என்பது ஐயமே. டிசம்பர் மாதத்தில் இந்நகரின் வானத்தில் விண்மீன்களைவிடப் புகையையே மிகுதியாகக் காண்கிறோம். எனினும் கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் பற்றிப் பேசக் கூடாது என்று விதி ஏதுமில்லை. எரிமீன்களைப் பற்றி மனிதர்கள் அறிந்துகொண்டவற்றில் கணிசமான பகுதி கண்ணால் கண்டதன்று. அதில் நம் நாட்டவரின் பங்கும் உண்டு.

முதலில் ஒரு பிழையை ஒப்புக்கொண்டு தொடங்க விரும்புகிறேன். நான் அறிவியல் பயின்றவன் அல்லன். தமிழ் இலக்கியத்தில் முதுகலைப் பட்டம் பெற்றவன். மொழிபெயர்ப்பே என் பணி. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பு, பள்ளி மாணவர்களுக்கான வானியல் சிறு பிரசுரம் ஒன்றை ஆங்கிலத்திலிருந்து தமிழில் பெயர்த்தேன். அதில் எரிமீன்களைப் பற்றி இவ்வாறு எழுதியிருந்தேன்: “விண்வெளியிலிருந்து வரும் சிறு கற்கள் காற்றுடன் ஏற்படும் உராய்வினால் எரிந்து சாம்பலாகி மறைந்துவிடுகின்றன.” வாக்கியம் ஓசை நயத்துடன் அமைந்துவிட்டதில் எனக்குச் சிறிது பெருமையும் இருந்தது.

அந்தப் பிரசுரத்தை மாணவர்களுக்கு வழங்கிய நாளில், ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து நின்றாள். “ஐயா, நூறு கிலோமீட்டர் உயரத்தில் காற்று கிட்டத்தட்ட இல்லை என்று மூன்றாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். காற்றே இல்லாத இடத்தில் உராய்வு எப்படி வரும்? அப்படியே எரிந்தாலும், அந்தச் சாம்பல் எங்கே போகிறது?” என்று கேட்டாள்.

என்னிடம் விடை இல்லை. மேடையில் இருந்த எவரிடமும் இல்லை. “நல்ல கேள்வி, உட்கார் அம்மா” என்று சொல்லி உட்கார வைத்தோம். விடை தெரியாதபோது பெரியவர்கள் கையாளும் வழி அது. அந்த இரு கேள்விகளுக்கும் விடை தேடி நான் பின்னர் படித்தவற்றையே இன்று உங்கள் முன் வைக்கிறேன். முதல் கேள்விக்கான விடை இயற்பியலில் இருக்கிறது. இரண்டாவது கேள்வி இயற்பியலைத் தாண்டி இன்றைய அரசியல் வரை வந்து நிற்கிறது.

விழுவது எது?

சங்கப் பாடல்களிலேயே எரிமீனைக் குறிக்க ‘உற்கம்’ என்ற சொல் வழங்குகிறது. வடமொழியில் ‘உல்கா’, இந்தியிலும் அதுவே. மன்னனின் மரணத்துக்கு முன்னறிவிப்பாக விண்மீன் ஒன்று வீழ்ந்ததைக் கூடலூர் கிழார் புறநானூற்றில் பாடியிருக்கிறார். உலகின் பல மக்களிடையே இத்தகைய அச்சம் இருந்திருக்கிறது. ஆனால் வீழ்வது விண்மீன் அன்று. பெரும்பாலான நேரங்களில் அது ஒரு மணல் அளவோ கடுகு அளவோ உள்ள துகள்.

வால்மீன்கள் சூரியனை நெருங்கும்போது அவற்றின் பனி ஆவியாகி, அதனுடன் கலந்திருந்த தூசு வெளியேறுகிறது. சிறுகோள்கள் ஒன்றோடொன்று மோதும்போதும் தூசு சிதறுகிறது. இத்தூசு சூரியனைச் சுற்றி ஓடைபோல் ஓடிக்கொண்டிருக்கும். பூமி தன் பாதையில் அத்தகைய ஓடை ஒன்றைக் கடக்கும்போது நாம் எரிமீன் பொழிவைக் காண்கிறோம். நவம்பர் மாதச் சிம்மப் பொழிவின் தாய் டெம்பெல்-டட்டில் என்னும் வால்மீன்; அது ஏறத்தாழ 33 ஆண்டுகளுக்கு ஒருமுறை சூரியனைச் சுற்றி வருகிறது. டிசம்பர் மாத மிதுனப் பொழிவின் தாய் ஃபேத்தான் என்னும் சிறுகோள். அது 1983 இல் கண்டுபிடிக்கப்பட்டது.

இத்துகள்களின் வேகமே இக்கதையின் திறவுகோல். பூமியை வந்தடையும் எந்தத் துகளும் நொடிக்கு 11 கிலோமீட்டருக்குக் குறைந்த வேகத்தில் வருவதில்லை. பூமியின் ஈர்ப்பே அவ்வளவு வேகத்தைத் தந்துவிடும். மேல் எல்லை நொடிக்கு ஏறத்தாழ 72 கிலோமீட்டர். பூமி சூரியனைச் சுற்றும் வேகம் நொடிக்கு 30 கிலோமீட்டர். பூமியின் தொலைவில் சூரியனுக்குக் கட்டுப்பட்ட ஒரு பொருள் பெறக்கூடிய மிகப்பெரும் வேகம் 42 கிலோமீட்டர். இரண்டும் நேருக்கு நேர் சந்தித்தால் 72. மிதுனப் பொழிவின் துகள்கள் சுமார் 35 கிலோமீட்டர் வேகத்திலும், சிம்மப் பொழிவின் துகள்கள் சுமார் 71 கிலோமீட்டர் வேகத்திலும் வருகின்றன.

நொடிக்கு 30 கிலோமீட்டர் என்றால் தில்லியிலிருந்து ஆக்ராவை ஆறேழு நொடிகளில் அடைந்துவிடலாம். துப்பாக்கிக் குண்டைப்போல் முப்பது மடங்கு வேகம் இது.

உராய்வு அன்று, மோதல்

இப்போது அந்த மாணவியின் முதல் கேள்விக்கு வருவோம். அவள் சொன்னது சரி. தரைமட்டத்தில் உள்ள காற்றின் அடர்த்தியோடு ஒப்பிட்டால், நூறு கிலோமீட்டர் உயரத்தில் இருப்பது சுமார் இருபது லட்சத்தில் ஒரு பங்கு மட்டுமே. இதை வேறொரு வகையிலும் சொல்லலாம். நாம் சுவாசிக்கும் காற்றில் ஒரு மூலக்கூறு இன்னொரு மூலக்கூறின் மீது மோதுவதற்கு முன் செல்லும் சராசரித் தொலைவு, ஒரு மில்லிமீட்டரில் பதினைந்தாயிரத்தில் ஒரு பங்குதான். நெரிசல் மிகுந்த ரயில் பெட்டியில் நிற்பவரைப்போல் அது எப்போதும் அக்கம்பக்கத்தாரை இடித்துக்கொண்டே இருக்கிறது. நூறு கிலோமீட்டர் உயரத்திலோ, ஒரு மூலக்கூறு பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் தூரம் எதன்மீதும் மோதாமல் செல்லும்.

அந்த வெளிக்குள் ஒரு மில்லிமீட்டர் துகள் நுழைகிறது. துகளின் அளவைவிட மூலக்கூறுகளுக்கு இடையிலான ஓட்டத் தொலைவு நூறு மடங்குக்கு மேல் பெரியது. எனவே துகளைச் சுற்றிக் காற்று ஒரு படலமாக ஓட வாய்ப்பில்லை. துகளின் முன்னே காற்று திரண்டு ஒரு மெத்தையாக நிற்கவும் வாய்ப்பில்லை. உள்ளங்கைகளைத் தேய்த்தால் சூடு வருகிறதே, அந்தப் பொருளில் இங்கே உராய்வு என்று எதுவும் நிகழ்வதில்லை. மூலக்கூறுகள் ஒவ்வொன்றாக, தனித்தனியே, முழு வேகத்தில் துகளின் மீது வந்து மோதுகின்றன. துகளின் இடத்திலிருந்து பார்த்தால், அசையாமல் நிற்பது துகள். நொடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் பாய்ந்து வருவது காற்று.

அத்தகைய மோதலின் ஆற்றலை ஒரு கணக்கின் மூலம் உணரலாம். இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது. ஆகவே, சுண்டைக்காய் அளவுள்ள, ஒரு கிராம் எடையுள்ள கல் நொடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், அதன் ஆற்றல் 4,50,000 ஜூல். ஆயிரம் கிலோ எடையுள்ள ஒரு கார் மணிக்கு 108 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது அதனிடம் இருக்கும் ஆற்றலும் சரியாக இவ்வளவுதான். அந்த ஒரு கிராம் கல்லை முழுமையாக உருக்கி ஆவியாக்கத் தேவைப்படுவதோ ஆறாயிரம், எட்டாயிரம் ஜூல் அளவே. தன்னை ஐம்பது அறுபது முறை ஆவியாக்கிக்கொள்ளப் போதுமான ஆற்றலைத் துகள் தன் வேகத்திலேயே சுமந்து வருகிறது. எனவேதான் அவ்வளவு மெல்லிய காற்றும் போதுமானதாகிறது. துகளின் எடையில் நூற்றில் சில பங்கு காற்று மோதினாலே அதன் கதை முடிந்துவிடும்.

எரிதல் என்ற சொல்லும் இங்கே பொருந்தாது. ஒரு பொருள் பிராணவாயுவுடன் வேதிவினை புரிந்து வெப்பத்தை வெளியிடுவதே எரிதல். விறகு எரிவதும் விளக்குத் திரி எரிவதும் அவ்வாறே. துகளை அழிக்கும் வெப்பம் எந்த வேதிவினையிலிருந்தும் வருவதில்லை. அது வேகத்திலிருந்து வருகிறது. காற்றில் பிராணவாயுவே இல்லாமல் வெறும் நைட்ரஜன் மட்டும் இருந்தாலும் எரிமீன் தோன்றவே செய்யும்.

ஒரு நொடிக்குள் நடப்பது

துகள் நுழைந்த பிறகு நடப்பதைப் படிப்படியாகப் பார்ப்போம். முதலில் மேற்பரப்பு சூடேறுகிறது. மோதும் மூலக்கூறுகள் மேற்பரப்பிலிருந்து சில அணுக்களைப் பெயர்த்தெறிகின்றன. துகள் கீழே இறங்க இறங்க மோதல்கள் பெருகுகின்றன. வெப்பநிலை ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம் டிகிரி என உயர்கிறது. பாறை உருகுகிறது, உருகியது ஆவியாகிறது.

ஆவியாதலிலும் ஒரு வரிசை உண்டு. எளிதில் ஆவியாகும் சோடியமும் பொட்டாசியமும் முதலில் வெளியேறுகின்றன. அடுத்து இரும்பு, மக்னீசியம், சிலிக்கன். வெப்பத்துக்கு எளிதில் இணங்காத கால்சியம், அலுமினியம், டைட்டானியம் ஆகியவை கடைசியில். துகளின் அளவும் வேகமும் போதவில்லையெனில் இவை முழுமையாக ஆவியாகாமலே நின்றுவிடுவதும் உண்டு.

வெளியேறிய அணுக்களுக்கும் துகளின் வேகமே இருக்கிறது. அவையும் காற்று மூலக்கூறுகளின் மீது மோதுகின்றன. மோதலில் கிளர்ச்சியுற்ற அணு, தான் பெற்ற ஆற்றலை ஒளியாக உமிழ்கிறது. நாம் காணும் ஒளிக்கோட்டின் பெரும்பகுதி இதுதான். நாம் காண்பது சூடேறிய கல்லை அன்று. கல்லிலிருந்து பிரிந்த ஆவியையும் அது மோதிய காற்றையும் காண்கிறோம். கடுகளவு துகள் நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து நம் கண்ணுக்குத் தெரிவதன் காரணம் இதுவே. சோடியம் மஞ்சள் ஒளியையும் மக்னீசியம் பச்சை ஒளியையும் தருகின்றன. அந்நிறங்களைப் பகுத்துப் பார்த்தே துகளில் என்னென்ன தனிமங்கள் இருந்தன என்று அறிவியலாளர் சொல்லிவிடுகின்றனர்.

பொதுவாக 120 கிலோமீட்டருக்கும் 80 கிலோமீட்டருக்கும் இடையே, ஒரு நொடிக்குள் இவை அனைத்தும் நடந்து முடிகின்றன.

துகளின் அளவு மாறினால் முடிவும் மாறிவிடுகிறது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். மனித முடியின் பருமனைவிடச் சிறிய தூசுகளில் பல உருகுவதே இல்லை. எடை மிகக் குறைவாக இருப்பதால், காற்று மிக மெல்லியதாக உள்ள உயரத்திலேயே அவை வேகத்தை இழக்கின்றன. பெற்ற வெப்பத்தை உடனுக்குடன் வெளியே கதிர்வீசிவிடுகின்றன. பின்னர் மெதுவாக மிதந்து தரைக்கு வருகின்றன. ஃபிரெட் விப்பிள் 1950 வாக்கில் இதை விளக்கினார். நம் வீட்டு மொட்டைமாடியில் படியும் தூசிலும் அத்தகைய துகள் ஒன்றிரண்டு இருக்கக்கூடும்.

மறுபுறம், பெரிய கற்கள் அடர்ந்த காற்று வரை இறங்குகின்றன. அங்கே அவற்றின் முன்னால் காற்று அழுந்திக் கொதித்து, வெளிப்புறத்தை உருக்கி அரித்தெடுக்கிறது. உட்பகுதி எஞ்சித் தரையை அடைகிறது. 1798 டிசம்பர் 19 அன்று காசிக்கு அருகே கிராகூத் என்ற கிராமத்தில் அவ்வாறு கற்கள் விழுந்தன. அக்காலத்தில் ஐரோப்பாவின் கற்றறிந்தோர் பலர், வானிலிருந்து கல் விழுவதாகக் கூறுவது பாமரர்களின் கற்பனை என்றே கருதினர். பொருளின் அழிவின்மையை உலகுக்கு உணர்த்திய லவாய்சியே, அதற்கு முன்னர் பிரான்சில் விழுந்த கல் ஒன்றை ஆராய்ந்த குழுவில் இருந்து, அது வானிலிருந்து விழுந்ததன்று என்ற முடிவுக்கு உடன்பட்டவர். காசிக் கல்லை எட்வர்ட் ஹோவர்ட் இங்கிலாந்தில் பகுப்பாய்வு செய்து, வேறு நாடுகளில் விழுந்ததாகச் சொல்லப்பட்ட கற்களுடன் அது ஒத்திருப்பதை 1802 இல் வெளியிட்டார். வயல்வெளியில் கண்ணால் கண்டவர்களின் சாட்சியம் உண்மை என்பதற்கு அது வலுவான சான்றாயிற்று.

ஆக, மிகச் சிறியது தப்பிவிடுகிறது. மிகப் பெரியதும் ஓரளவு தப்பிவிடுகிறது. இடைப்பட்டதே முற்றிலும் ஆவியாகிறது. பொருள் ஒன்றே, விதியும் ஒன்றே. அளவு மாறும்போது விளைவின் தன்மையே மாறிவிடுகிறது. இயற்கையின் இயக்கவியலைப் படித்தவர்களுக்கு இது புதிய பாடமன்று.

சாம்பல் எங்கே?

இனி இரண்டாவது கேள்வி. ஆவியானது எங்கே போகிறது?

மறைந்துவிடவில்லை என்பதற்கான தொடக்ககாலச் சான்றுகளில் ஒன்று கல்கத்தாவில் கிடைத்தது. மோதலில் சில அணுக்கள் ஒளியை உமிழ்வதோடு நிற்பதில்லை, எலக்ட்ரான்களையும் இழக்கின்றன. துகள் சென்ற பாதை நெடுகிலும் தனித்த எலக்ட்ரான்கள் நிறைந்த தடம் ஒன்று சிறிது நேரம் நீடிக்கும். அது வானொலி அலைகளைத் திருப்பி அனுப்ப வல்லது. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் சிசிர் குமார் மித்ராவும் அவருடைய மாணவர்களும் வானொலி அலைகளை மேலே அனுப்பி, அயனி மண்டலத்திலிருந்து திரும்பும் எதிரொலியை ஆராய்ந்து வந்தனர். 1933 நவம்பரில் சிம்மப் பொழிவு நிகழ்ந்தபோது மேல் வளிமண்டலத்தில் அயனியாக்கம் மிகுவதை அவர்கள் கண்டனர். மித்ரா, சியாம், கோஷ் மூவரும் எழுதிய அந்தக் குறிப்பு 1934 இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது. அடிமை நாடொன்றின் ஆய்வகத்தில், குறைந்த கருவிகளைக் கொண்டு செய்யப்பட்ட பணி அது. மித்ரா 1947 இல் வெளியிட்ட ‘மேல் வளிமண்டலம்’ என்னும் நூல் உலகெங்கும் அத்துறையின் அடிப்படை நூலாக விளங்கியது. பின்னர் ருஷ்ய மொழியிலும் பெயர்க்கப்பட்டது. அறிவியலைத் தமிழில் தருவதில் தடுமாறிய ஒரு மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில், அந்த ருஷ்ய மொழிபெயர்ப்பாளரை நான் பலமுறை பொறாமையுடன் நினைத்ததுண்டு.

எரிமீனைக் காதால் கேட்டவர்களும் நம்மவர்களே. அகில இந்திய வானொலியைச் சேர்ந்த சமன்லால், வெங்கடராமன் என்ற இருவர், அருகில் உள்ள ஒலிபரப்பியின் சிற்றலையைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, அவ்வப்போது சீழ்க்கை போன்ற ஓர் ஒலி எழுந்து சுருதி இறங்கி அடங்குவதைக் கவனித்தனர். ஒலிபரப்பியிலிருந்து நேராக வரும் அலையும், பாய்ந்து வரும் எரிமீனின் தடத்தில் பட்டுத் திரும்பும் அலையும் சேரும்போது, அவ்விரண்டின் அதிர்வெண் வேறுபாடு நம் செவிக்குச் சீழ்க்கையாகக் கேட்கிறது. 1941 இல் அவர்கள் அதை வெளியிட்டனர். புகை மூடிய வானத்துக்குக் கீழே இருந்தாலும் எரிமீனை அறியலாம் என்று தொடக்கத்தில் சொன்னேனே, அது இப்படித்தான்.

எலக்ட்ரான் தடம் பெரும்பாலும் நொடிக்கணக்கில் கலைந்துவிடும். உலோக அணுக்களோ தங்கிவிடுகின்றன. பூமியைச் சுற்றி 80 முதல் 105 கிலோமீட்டர் உயரம் வரை சோடியம் அணுக்களின் மெல்லிய படலம் ஒன்று நிலையாக இருக்கிறது. இரும்புக்கும் மக்னீசியத்துக்கும் அதுபோன்ற படலங்கள் உண்டு. இவை அனைத்தும் எரிமீன்கள் கொண்டுவந்து சேர்த்தவை. ஆந்திரத்தில் திருப்பதிக்கு அருகே காதங்கியில் உள்ள தேசிய வளிமண்டல ஆய்வுக்கூடத்தில், சோடியத்துக்கே உரிய 589 நானோமீட்டர் மஞ்சள் லேசர் ஒளியை வானில் செலுத்தி, அந்தப் படலத்திலிருந்து திரும்பும் ஒளியை அளந்திருக்கிறார்கள்.

கேரளத்தின் தும்பாவிலிருந்து 1963 நவம்பர் 21 அன்று நம் நாட்டின் முதல் ஆய்வு ராக்கெட் ஏவப்பட்டதை அறிவீர்கள். அது சுமந்து சென்றதும் சோடியம்தான். அந்திப் பொழுதில் வானில் சோடியம் ஆவியைப் பரப்பி, அந்த மேகம் எப்படி நகர்கிறது என்பதைக் கொண்டு மேல் வளிமண்டலக் காற்றின் போக்கை அறிவதே நோக்கம். பின்னர் அதே தும்பாவில் எரிமீன்களுக்கான ராடார் ஒன்று நிறுவப்பட்டது. எரிமீன் தடங்கள் காற்றில் அடித்துச் செல்லப்படுவதை அது அளக்கிறது. ராக்கெட்டில் ஆவியை ஏற்றி அனுப்பி அறிந்ததை, நாள்தோறும் தானாக வந்து ஆவியாகும் துகள்களிடமிருந்தே அறிய முடிகிறது.

காலப்போக்கில் அந்த உலோக அணுக்கள் ஓசோனுடனும் பிற வாயுக்களுடனும் வினைபுரிந்து ஆக்சைடுகளாகவும் பிற சேர்மங்களாகவும் மாறுகின்றன. அவை ஒன்றுகூடி, நானோமீட்டர் அளவிலான நுண்துகள்களாகின்றன. அறிவியலாளர் இதை எரிமீன் புகை என்கின்றனர். இந்தப் புகைதான் அந்த மாணவி கேட்ட சாம்பல். துருவப் பகுதிகளில் கோடைக்காலத்தில் 83 கிலோமீட்டர் உயரத்தில் இரவொளி மேகங்கள் தோன்றுகின்றன. அவற்றின் பனித்துகள்கள் உருவாக இப்புகை வித்தாக அமைகிறது என்று கருதப்படுகிறது. பிறகு அது மெல்ல மெல்லக் கீழிறங்கி, நிலத்திலும் கடலிலும் துருவப் பனியிலும் படிகிறது. பூமிக்கு இவ்வாறு வந்து சேரும் விண்தூசு நாளொன்றுக்கு ஐந்தாறு டன் முதல் இருநூறு டன்னுக்கு மேல் வரை என்று பல்வேறு முறைகளில் மதிப்பிட்டிருக்கிறார்கள். நாம் மிதிக்கும் மண்ணில் அதன் பங்கும் கலந்திருக்கிறது.

இன்று மேலே ஏறும் குப்பை

இத்துடன் உரையை முடித்துவிடலாம் என்றே எண்ணியிருந்தேன். ஆனால் அண்மைக்காலமாக என் மேசைக்கு வரும் ஆங்கிலச் செய்திக் குறிப்புகளில் அந்தப் பழைய வினைச்சொல் மீண்டும் மீண்டும் வருகிறது. ஆயுள் முடிந்த செயற்கைக்கோள்கள் வளிமண்டலத்தில் நுழைந்து “எரிந்து மறைந்துவிடும், தரையில் இருப்போருக்கு ஆபத்து இல்லை” என்கின்றன அக்குறிப்புகள். இருபது ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய வாக்கியம் இப்போது வேறொருவரின் வசதிக்குப் பயன்படுவதைக் காண்கிறேன்.

செயற்கைக்கோளுக்கு நேர்வதும் அடிப்படையில் அதுவே. நொடிக்கு எட்டு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைந்த வேகத்தில் அது காற்றுக்குள் நுழைகிறது, உடைகிறது, உருகுகிறது, பெரும்பகுதி ஆவியாகிறது. ஆவியான உலோகம் அங்கேயே தங்குகிறது. வேறுபாடு ஒன்றுதான். விண்தூசில் அலுமினியம் மிகக் குறைவு. செயற்கைக்கோளோ பெரும்பாலும் அலுமினியத்தால் ஆனது.

2023 இல் அமெரிக்க ஆய்வாளர்கள், உயரப் பறக்கும் விமானத்தில் அடுக்கு மண்டலத்தின் நுண்துகள்களைச் சேகரித்து ஆராய்ந்ததன் முடிவை வெளியிட்டனர். அங்குள்ள கந்தக அமிலத் துகள்களில், ஓரளவு பெரியவற்றில் சுமார் பத்து விழுக்காட்டில், விண்கலங்களிலிருந்து வந்த அலுமினியமும் பிற உலோகங்களும் கலந்திருந்தன. லித்தியம், அலுமினியம், தாமிரம், ஈயம் ஆகிய நான்கைப் பொறுத்தவரை, விண்தூசு கொண்டுவருவதைவிட மனிதன் செலுத்திய கலங்களிலிருந்து வருவது மிகுதி என்று அவர்கள் கண்டனர். கோடிக்கணக்கான ஆண்டுகளாக விண்தூசு ஒன்றே உலோகம் சேர்த்துவந்த இடத்தில், விண்வெளி யுகம் தொடங்கி எழுபது ஆண்டுகள் முடிவதற்குள் மனிதனின் பங்கு அதை மிஞ்சிவிட்டது.

இது தொடக்கமே. இப்போது ஒரே நிறுவனம் ஆயிரக்கணக்கில் செயற்கைக்கோள்களை ஏவுகிறது. அவற்றின் ஆயுள் ஐந்தாண்டு அளவே. பிறகு அவற்றை வளிமண்டலத்தில் ஆவியாக்கிவிட்டுப் புதியவற்றை ஏவுவதே திட்டம். அலுமினியம் ஆக்சைடுத் துகள்களின் பரப்பு, ஓசோனைச் சிதைக்கும் குளோரின் வினைகளுக்கு இடமளிக்கக்கூடும் என்பது அறிவியலாளரின் கவலை. அதன் அளவு எவ்வளவு என்று ஆராய்ச்சி நடந்துகொண்டிருக்கும்போதே ஏவுதல்களும் நடந்துகொண்டிருக்கின்றன. லாபம் இன்றே கணக்கில் ஏறுகிறது; விளைவை ஆராயும் பொறுப்பும் அதைச் சுமக்கும் பொறுப்பும் பொதுமக்களுக்கு விடப்படுகின்றன. ஆற்றில் கழிவைக் கொட்டிய ஆலைகள், நீரோடு நீராகப் போய்விடும் என்றுதானே சொல்லிவந்தன?

செயற்கைக்கோள்களே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. புயல் எச்சரிக்கையும் பயிர்க் கணக்கெடுப்பும் தொலைத்தொடர்பும் அவற்றால் கிடைப்பவை; மீனவரும் உழவரும் அவற்றின் பயனை அறிவார்கள். விண்வெளியை ஆராய்வதும் பயன்படுத்துவதும் மனிதகுலம் முழுமைக்கும் உரியது என்று 1967 ஆம் ஆண்டின் விண்வெளி ஒப்பந்தம் கூறுகிறது. அதில் இந்தியாவும் கையெழுத்திட்டிருக்கிறது. அவ்வாறெனில், எத்தனை கலங்கள் மேலே செல்லலாம், அவை எதனால் செய்யப்பட வேண்டும், அவற்றின் ஆவி எங்கே தங்கும் என்ற கேள்விகளுக்கு விடை காண்பதும் மனிதகுலம் முழுமைக்கும் உரியதாக வேண்டும். ஒரு சில நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களுக்கு மட்டும் உரியதாக இருக்கக் கூடாது.

நண்பர்களே, அந்தப் பிரசுரம் மறுபதிப்பு காணவில்லை. கண்டிருந்தால் அந்த வாக்கியத்தை நான் இப்படித் திருத்தியிருப்பேன்: “விண்வெளியிலிருந்து பெருவேகத்தில் வரும் துகள்கள் காற்றின் மூலக்கூறுகளுடன் மோதி ஆவியாகின்றன, அந்த ஆவி வளிமண்டலத்தில் தங்கி, பின்னர் மெல்லத் தரையில் வந்து படிகிறது.” ஓசை நயம் சற்றுக் குறைவுதான். ஆனால் பொய் இல்லை.

அந்த மாணவிக்கு இப்போது முப்பத்தைந்து வயது ஆகியிருக்கும். எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. அன்று அவளை உட்கார வைத்தது தவறு. அவள் கேட்டது சரியான கேள்வி. எதையேனும் எரித்து மறைத்துவிட்டதாக எவரேனும் நம்மிடம் சொல்லும்போதெல்லாம், அது தொழிற்சாலைக் கழிவாயினும் வானில் அனுப்பிய கலமாயினும், அவளைப்போல் எழுந்து நின்று கேட்போம்: சாம்பல் எங்கே?